மலையக இலக்கியத்தில் நோயும் முதுமையும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து முடிகின்றது. நோயாளி, நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அந்நான்கு. இவை ஒவ்வொன்றற்கும் உரிய இயல்புகளை உரைகாரர் தனித்தனியே விரித்தனர். பேணுபவனை ஏனை மூன்றினுங் குறைந்தவனாக அவர்கள் கொள்ளவில்லை. பிற்காலத்து அரசாங்கங்கள் வகுத்த சுகாதாரத் திட்டங்களோ நோயாளரை எண்ணின, மருத்துவரை நியமித்தன, மருந்தை அளந்து கொடுத்தன. நான்காமவரை எண்ணுதற்குரிய ஏடு எங்கும் திறக்கப்படவில்லை. நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, டிக்கோயா முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் சுகாதார வரலாறு இக்குறையை மிகத் தெளிவாகக் காட்டுவது. அரசாங்க ஏட்டில் அக்குறை இருப்பது வியப்பன்று. அத்தோட்ட மக்களின் பக்கம் நின்று, அவர்தம் துயரையே பொருளாகக் கொண்டு எழுந்த இலக்கியத்திலும் அதே குறை இருப்பதுதான் ஆராயத்தக்கது.

தோட்டத்துப் பேச்சு வழக்கிலே 'பேர்' என்னுஞ் சொல் மனிதனுடைய பெயரை மட்டும் குறிப்பதில்லை. ஒருநாள் வேலையும் அதற்குரிய கூலியும் பேர் எனப்படும். காலைப் பெரட்டிலே நின்றவர்க்குச் செக்ரோலில் விழுவது பேர். கொழுந்தின் நிறை குறைந்த நாளிலே விழுவது அரைப்பேர். தோட்டத்தில் வேலைக்குச் சேர்வதும் பேர் பதிதல் என்றே வழங்கும். இவ்வழக்கைக் கேட்கும் புதியவர்க்கு இது வெறுஞ் சொல் விளையாட்டுப் போலத் தோன்றலாம். அங்கு பிறந்தவர்க்கோ இது வாழ்க்கையின் இலக்கணம். உழைக்கும் உடலுக்குப் பேர் உண்டு. நோயுற்ற நாளிலே பேர் இல்லை. முதுமை எய்தி ஓய்ந்தபின் என்றுமே பேர் இல்லை. மலையக எழுத்தாளர் இக்கணக்கேட்டின் கொடுமையைக் கண்டு சினந்தவர்கள், அச்சினம் உண்மையானது. எனினும் அவர்தம் கதைகளிலும் பாட்டுக்களிலும் பாத்திரமாகி வருபவர் யாவர் என்று நோக்குமிடத்து, பெரும்பான்மையோர் செக்ரோலிற் பேருள்ளவராகவே இருக்கின்றனர். எதிர்த்து நின்ற ஏட்டின் அளவுகோலையே இலக்கியமும் தன்னையறியாது எடுத்துக்கொண்டதோ என்னும் ஐயம் எழுகின்றது.

இதனை விளங்கிக்கொள்ளச் சட்டங்களின் மொழியைச் சிறிது பார்த்தல் வேண்டும். கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து, மாத்தளை நோக்கிக் கால்நடையாக நடந்தனர். அப்பெருவழியில் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வீழ்ந்தோர் மிகப் பலர். அச்சாவுகளைக் கண்ட ஆட்சியாளருக்கு இரண்டு அச்சங்கள் உண்டாயின. தோட்ட வேலைக்கு ஆள் குறையும் என்பது ஒன்று. வருவோர் நோயைச் சுமந்து வந்து நாட்டிற் பரப்புவர் என்பது மற்றொன்று. வந்தேறிய தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. 1912ஆம் ஆண்டிலே இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. அவற்றுள் ஒன்பதாம் இலக்கச் சட்டம் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளைப் பற்றியது. பத்தாம் இலக்கச் சட்டம் தொழிலாளரிடையே காணும் நோய்களைப் பற்றியது. தேவையும் நோயும் இவ்வாறு இருவேறு சட்டங்களாகப் பிரிந்து நின்றமை எண்ணிப் பார்க்கத்தக்கது. முதலாவது சட்டத்திலே தொழிலாளி காக்கப்படவேண்டியவன். இரண்டாவதிலே கண்காணிக்கப்பட வேண்டியவன்.

கண்காணிப்பின் உச்சத்தை மண்டபத்திலே காணலாம். இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலேயே 1917ஆம் ஆண்டு தொடக்கம் நடத்திய அம்முகாமில், தோட்டங்களுக்குச் செல்லவிருந்தோர் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்தம் உடையும் உடைமையும் ஆவியில் இடப்பட்டன, அம்மை குத்தப்பட்டது, கொளுக்கிப் புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. இவையெல்லாம் மருத்துவ முறையிற் பொருளற்றவை என்று எவருஞ் சொல்லார். ஆயினும் கொளுக்கிப் புழுவின் வரலாறு வேறொன்றையும் சொல்லும். அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தார் 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் அப்புழுவை ஒழிக்கும் முயற்சியைத் தொடங்கியபோது விரைவிலே வெளிப்பட்ட உண்மை, மலசலகூடமில்லாத லயத்திலே மருந்து எவ்வளவு கொடுத்தாலும் புழு திரும்பவும் காலைத் துளைத்து ஏறும் என்பதே. வெறுங்காலோடு வேலை செய்வோரின் நோய்க்கு நிலையான மருந்து தோட்டத்து மண்ணிலே செய்யவேண்டிய கட்டட வேலை. அதற்குச் செலவு செய்யத் துரைமார் தயங்கினர். புழு இந்தியாவிலிருந்து வந்தது என்று எழுதிவைத்தல் எளிதாயிருந்தது, அவ்வாறே எழுதப்பட்டது.

நோயாளியே நோயின் பிறப்பிடம் என்னும் இவ்வெண்ணம் வெள்ளையரோடு நின்றுவிடவில்லை. மலையகத்தாரைக் குறித்து வழங்கிய 'தோட்டக்காட்டான்' என்னும் இழிசொல் தமிழிலே பிறந்தது. தமிழ் பேசுவோராலேயே வழங்கப்பட்டது. தோட்டத்து மருந்துச்சாலையிலும் கணக்கறையிலும் அமர்ந்திருந்தோருள் வடபுலத்துக் கல்லூரிகளிற் படித்துச் சென்றவர் பலர். அவர்களுள் அன்போடு பணிபுரிந்தோரும் உண்டு. நோயாளியைத் தொடாமலே மருந்து கலக்கிக் கொடுத்தோரும் உண்டு. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையை உலுக்கிய மலேரியாப் பெருநோய் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டதாகக் கணிக்கப்பட்டது. அது கடுமையாகத் தாக்கியது கேகாலை, குருநாகல் முதலிய தாழ்நிலப் பகுதிகளை. உயர்ந்த மலைத்தோட்டங்கள் குளிரினால் பெரும்பாலும் தப்பின. நோய் சுமப்போர் என்று பேரெடுத்தவர்கள் நோயின்றியிருக்க, நாட்டின் ஏனைய பகுதி நடுங்கிய ஆண்டு அது. அதனாலே பழிச்சொல் மாறியதாகத் தெரியவில்லை.

அப்பெருநோய் நிகழ்ந்துகொண்டிருந்த 1935ஆம் ஆண்டிலேயே சென்னையில் வெளிவந்த 'மணிக்கொடி'யில் புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக்கேணி' பிரசுரமாயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களனாகக் கொண்டு தமிழில் எழுந்த படைப்புக்களுள் முன்னிடத்தில் வைத்து எண்ணப்படுவது இது. திருநெல்வேலிக் கிராமமொன்றிலே சாதியின் அடித்தட்டிற் பிறந்த மருதி, கடல் கடந்து தோட்டத்துக்கு வருகின்றாள்; அதிகாரத்திலுள்ளவனுடைய இச்சைக்கு இரையாகின்றாள்; அவனிடமிருந்தே மேகநோயையும் பெறுகின்றாள். பின்னர் மகள் வெள்ளைச்சியும் அதே வாயிலை அணுகும்போது கதை முறுகுகின்றது.

இக்கதையை வறுமையின் சித்திரமென்றும், கூலி முறையின் மீதான குற்றச்சாட்டென்றும் திறனாய்வாளர் கூறினர். நோயின் பக்கமாக நின்று படித்தால் வேறொரு சிறப்பும் புலப்படும். மேகநோய்க்குத் தமிழிலே பறங்கிப்புண் என்றொரு பெயருண்டு; கப்பலேறி வந்த அன்னியன் கொணர்ந்தது என்னும் நினைவு அப்பெயரிலேயே பதிந்துள்ளது. சட்டமும் முகாமும் நோய் கூலியோடு இராமேசுவரக் கரையிலிருந்து கப்பலேறுகின்றது என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், புதுமைப்பித்தன் நோயின் திசையைத் திருப்பிவிடுகின்றார். அவருடைய கதையிலே நோய் பங்களாவிலிருந்து லயத்துக்கு இறங்குகின்றது. மண்டபத்திலே மருதி போன்ற பெண்களின் உடல்தான் சோதிக்கப்பட்டது. அவளைக் கெடுத்தவனை எந்த முகாமிலும் எவரும் சோதித்திலர். இவ்வொரு திருப்பத்தினால், முப்பது ஆண்டுக்கால அறிக்கைகள் மறைத்த உண்மையைச் சில பக்கங்களிலே கதை சொல்லிவிடுகின்றது.

ஆயினும் குறையொன்று உண்டு; அதைச் சொல்லாது விடுதல் முறையன்று. நோயைக் கொணர்ந்தவன்மீது பழியை ஏற்றிய ஆசிரியர், நோயுற்ற உடலின்மீது படிப்பவர்க்குள்ள அருவருப்பை முற்றும் அகற்றவில்லை. மருதியின் நோய் அவளுடைய வீழ்ச்சியின் அடையாளமாகவே நின்றுவிடுகின்றது. அவளை அருகிருந்து பேணியவர் எவர், மருந்து கிடைத்ததா, நோயோடு அவள் எப்படி நாட்களைக் கடத்தினாள் என்னும் வினாக்களில் ஆசிரியர் மனம் செல்லவில்லை. துயரத்தின் ஆழத்தை அளப்பதிலே அவர் பெருந்திறன் காட்டுகின்றார். துயரத்தின் நடுவே மனிதர் ஒருவரையொருவர் தாங்கும் சிறுசிறு செயல்களை அவருடைய பேனா பொதுவாக நம்புவதில்லை. இது அவருடைய இயல்பு. பின்வந்த மலையக எழுத்தாளர் பலர் அவரிடமிருந்து சீற்றத்தைக் கற்றதோடு இவ்வியல்பையும் பெற்றுக்கொண்டனர் எனத் தோன்றுகின்றது.

சி. வி. வேலுப்பிள்ளை அத்தோட்டத்து மண்ணிலேயே பிறந்தவர். 1914ஆம் ஆண்டு தோன்றி 1984ஆம் ஆண்டு மறைந்த அவர், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றஞ் சென்றவர். அடுத்த ஆண்டே வந்த பிரசாவுரிமைச் சட்டத்தினால் தம் மக்கள் உரிமையிழந்ததைக் கண்ணாரக் கண்டவர். அவர் ஆங்கிலத்தில் இயற்றிய தேயிலைத் தோட்ட நெடும்பாட்டைச் சக்தீ அ. பால ஐயா 1969ஆம் ஆண்டு 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கினார். தேயிலைச் செடியின் தூரைக் கிளறினால் மாசியும் தேங்காயும் கிடைக்கும் என்று சொல்லி ஆட்களை அழைத்து வந்தார்கள் என்பது மலையகத்திலே வழிவழிவரும் செய்தி. வேலுப்பிள்ளையின் பாட்டிலே அத்தூரின் கீழ்க் கிடப்போர் முன்னோர். புழுதியோடு புழுதியாகி, நடுகல்லும் நினைவுமின்றிக் கிடப்போர். மலையகத்தார் இந்நாட்டுக்கு உரியவர் என்பதற்கு இறந்தோரின் எலும்பையே சாட்சியாகக் காட்டும் அப்பாட்டின் வலிமை மிகப் பெரிது. ஆனால் அப்பாட்டிலே உள்ளவர் இருவகையினர்: கூடை சுமந்து மலையேறும் உயிருள்ளோரும், செடிக்கு உரமாகிய இறந்தோரும். இருவகைக்கும் இடையே ஒரு பருவம் உண்டு. கூடையை இறக்கிவைத்தபின், மண்ணுக்குட் போகுமுன், லயத்துத் திண்ணையிலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டிருக்கும் பத்து, இருபது ஆண்டுகள் அவை. பாட்டு அத்திண்ணையைக் கடந்து நேரே சுடலைக்குச் சென்றுவிடுகின்றது.

இதற்குக் காரணம் படைப்பாளரின் மறதி என்று சொல்லிவிடுதல் நேர்மையாகாது. அரசியலே காரணம். 1948ஆம் ஆண்டின் சட்டம் அவர்களை அன்னியர் என்றது. அதற்கு விடையாக மலையகத்தார் கொண்டுவந்து வைத்த வாதம் உழைப்பு ஒன்றே: இக்காட்டை வெட்டியவர் நாம், இம்மலையைப் பசுமையாக்கியவர் நாம், நாட்டின் அன்னியச் செலாவணியை ஈட்டுபவர் நாம். வேறு வாதத்துக்கு அன்று இடமிருக்கவில்லை. உழைப்பை உரிமைக்கு அடிப்படையாகக் கொண்ட வாதத்தில் உழைத்து ஓய்ந்தவனுக்கு இடம் சிறிது. அவனைக் கூட்டத்தின் முன்வரிசையில் நிறுத்துதல் வாதத்துக்கு நலமன்று. இலக்கியமும் அக்கூட்டத்தோடு நடந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாகி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர் எண்ணிப் பங்கிடப்பட்டபோது, எந்தச் சொல்லையும் போராட்டத்துக்குப் பயன்படுமாறு எழுதுதல் இயல்பாயிற்று. அப்பங்கீட்டிலே பெற்றோர் ஒரு கரையிலும் மக்கள் மறுகரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. சென்றோரை வரவேற்ற இடங்களுள் ஒன்று அதே மண்டபம்.

அவ்வாண்டிலேயே மலையகத்தைப் பற்றிய இரு நாவல்கள் வெளிவந்தன. ஒன்று கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'. மற்றொன்று நந்தியின் 'மலைக்கொழுந்து'. நந்தி என்னும் புனைபெயருக்குரியவர் மருத்துவர் செ. சிவஞானசுந்தரம், பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர். மருத்துவமும் கதையும் ஒருவரிடத்தில் கூடுதல் தமிழில் அரிது. அதனால் அவர்பால் எதிர்பார்ப்பும் மிகும். அவருடைய எழுத்தின் பெருஞ்சிறப்பு, நோயைத் தலைவிதி என்று கருதாது, விளங்கிக்கொள்ளத்தக்க, தடுக்கத்தக்க காரியமாகக் காண்பது. பொதுமக்களுக்கென அவர் எழுதிய எளிய மருத்துவ நூல்களும் அத்தகையன. 'நந்தினி உன் குழந்தை' என்னும் நூல் குழந்தை வளர்ப்பைத் தாய்க்கு எடுத்துரைப்பது. அக்காலத்துச் சுகாதாரப் பணியின் நோக்கமும் தாயும் சேயுமே, அது தவறன்று. தோட்டங்களில் குழந்தைச் சாவு மிகுதியாயிருந்த காலம் அது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டத்துச் சாவு வீதம் மேலேறியபோது அந்நோக்கத்தின் தேவை மீண்டும் வெளிப்பட்டது. இன்றும் அது தீர்ந்தபாடில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17.3 விழுக்காடு, தோட்டத்துறையிலோ 31.7 விழுக்காடு. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட தொலைவிலே தாயின் இரத்தச்சோகையும், அவள் சுமந்த கூடையும், வீட்டு அடுப்பும் அடங்கும். எனவே மருத்துவரான நாவலாசிரியர் ஒருவர் தாயையும் சேயையும் முதலில் நோக்கியதைக் குறைகூறுதல் பொருந்தாது. அவரைப் பின்பற்றி வேறு மருத்துவர் எவரும் பேனா எடுத்து முதியோரை நோக்காமையே குறை.

மருத்துவர் எழுதிய மற்றொரு தோட்ட நாவலை ஈண்டு ஒப்புநோக்கலாம். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டானியல், 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலை 1969ஆம் ஆண்டு வெளியிட்டார். இரா. முருகவேள் அதனை 2007ஆம் ஆண்டு 'எரியும் பனிக்காடு' எனத் தமிழிற் பெயர்த்தார். கருப்பன், வள்ளி என்னும் இளம் இணையர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி, காய்ச்சலுக்கும் கொடுமைக்கும் நடுவே சிதைவதை அது சொல்லும். கதை சொல்லுந் திறனில் அது புதுமைப்பித்தனுக்கு அண்மையிலும் வராது. ஆயினும் மருந்துச்சாலை என்னும் இடத்தை உள்ளிருந்து காட்டுவதில் அதற்கு நிகரான தமிழ் நூல் காணுதல் அரிது. மருந்து தெரியாதவன் மருந்து கொடுக்கும் வகையும், நோயாளி வேலைக்குத் தக்கவனா என்று தீர்ப்பதே மருத்துவனின் முதற் கடமையாகிவிடும் நிலையும் அங்கே காணக்கிடக்கின்றன. மருத்துவனும் செக்ரோலுக்கே பணி செய்கின்றான் என்பதை டானியல் அறிந்திருந்தார். ஆனால் அவருடைய நாவலிலும் மக்கள் இளமையிலேயே இறந்துபோகின்றனர். முதுமைவரை வாழ்ந்து துன்புறுவோர் அதிற் பெரிதாகத் தோன்றுவதில்லை. அக்காலத் தோட்டத்திற்கு அது உண்மையும் ஆகலாம்.

அவ்வுண்மை இன்று மாறிவிட்டது. இங்கேதான் இலக்கியம் காலத்திற் பின்தங்கியுள்ளது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' மலையகச் சிறுகதையின் மணிகளுள் ஒன்று. அதில் வரும் இளம்பெண்ணின் விரல்களின் விரைவும், அவ்விரைவின்மீது எழும் ஐயமும், மானத்தைக் காக்க அவள் கொள்ளும் உறுதியும் படித்தவர் மனத்தை விட்டு நீங்கா. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' அதனினும் நுண்ணிய கதை. பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயக் காம்பராவிலே அடைபட்ட குடும்பமொன்றின் அந்தரங்கம் சிதைவதை அது காட்டும். சனநெருக்கடி, காற்றோட்டமின்மை, தொற்றுநோய் என்று சுகாதார அறிக்கைகள் பல பக்கங்களிற் சொல்வதை, மனைவியின் அருகே படுக்கவும் நாணும் ஒரு மனிதனின் தலைகுனிவாக ஜோசப் மாற்றிவிட்டார். சுவரொன்றின் பற்றாக்குறை மானத்தின் பற்றாக்குறையாவதை இவ்வாறு காட்டியவர் மலையகத்தில் வேறிலர். எனினும் அக்காம்பராவின் மூலையிலே ஒரு கிழவனும் படுத்திருந்தால் என்னாகும் என்னும் அடுத்த வினா எழுதப்படாமலே நிற்கின்றது. சயரோகமுற்ற முதியவர் அதை வெளியிற் சொல்லாது இருமலைத் துணியில் அடக்கிக்கொள்வது, நோய்க்கு அஞ்சியன்று. சொன்னால் தனியே ஒதுக்குதற்கு அக்காம்பராவிலே வேறு மூலை இல்லை என்பதனாலேயே. பேத்திக்கு வரன் பார்க்கும் காலத்தில் வீட்டிலே சயரோகம் என்னும் பேச்சு எழக்கூடாது என்பதும் ஒரு காரணம். நோய்ப்பழி என்று பொதுநூல்கள் சொல்வது லயத்திலே கட்டடக் கணக்காகவும் கலியாணக் கணக்காகவும் வருகின்றது. இதைக் கதையாக்கத் தெரிந்த கை ஜோசப்பின் கை. 2022ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

இலங்கையிலே அறுபது வயதைக் கடந்தோர் 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பீட்டில் 12.4 விழுக்காடு. நாடு முழுவதும் முதுமையடைகின்றது; தோட்டமும் அதனோடு முதுமையடைகின்றது. ஆனால் தோட்டத்து முதுமைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் தொழிலாளிக்கு ஓய்வின்போது ஒரு மொத்தத் தொகையைக் கொடுக்கின்றன. மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அன்று அது. மகளின் கலியாணமும் பழைய கடனும் அத்தொகையைச் சில மாதங்களிலே விழுங்கிவிடுதல் யாவரும் அறிந்ததே. வீடு தோட்டத்துக்குரியது; குடும்பத்தில் எவரேனும் பேர் பதிந்திருக்கும்வரை கிழவரும் கிழவியும் அங்கே இருக்கலாம் என்பதே வழக்கம். மகனோ மருமகளோ தோட்ட வேலையை வெறுத்துக் கொழும்புக்குச் சென்றால், எஞ்சிய முதியோரின் இருப்பு பிறருடைய இரக்கத்தைப் பொறுத்ததாகின்றது. ஆகவே தள்ளாத வயதிலும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கச் செல்லும் மூதாட்டியரைத் தோட்டந்தோறும் காணலாம். 1972, 1975ஆம் ஆண்டுகளிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட மருந்துச்சாலைகளை அரசாங்கச் சுகாதாரச் சேவையோடு இணைக்கும் வேலை பல ஆண்டுகளாகத் துண்டுதுண்டாகவே நடந்து வருகின்றது. இடையிலே நோயின் தன்மையும் மாறிவிட்டது. வாந்திபேதி சில நாட்களில் முடிவு காணும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருபது ஆண்டுகள் உடனிருக்கும். மருந்தை நாள்தோறும் எடுத்துத் தரவும், காலிற் புண் வந்ததா என்று பார்க்கவும், மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு அழைத்துச் செல்லவும் ஒருவர் வேண்டும். வள்ளுவர் சொன்ன நான்காமவர் இல்லாமல் இந்நோய்களுக்கு மருத்துவமே இல்லை.

அந்நான்காமவர் தோட்டத்திலே யார் என்று தேடினால் வியப்பான விடை கிடைக்கும். கொழுந்தெடுக்கத் தாய்மார் மலையேறியபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர், நெடுங்காலமாக, கொழுந்தெடுக்க இயலாது ஓய்ந்த கிழவிகளே. பிள்ளைக் காம்பராவில் ஏணைகளை ஆட்டியவர் அவர்கள். பயிற்சி பெற்ற பெண்கள் அப்பணிக்கு வந்தபின்னும், வீட்டிற் பேரப்பிள்ளைகளை வளர்ப்போர் அவர்களே. தாய் மத்திய கிழக்கு நாடொன்றிலே பணிப்பெண்ணாயிருக்கும் வீடுகளில் முழுப்பொறுப்பும் அவர்களுடையது. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்தளித்தவை போன்ற தாலாட்டுக்களும் ஒப்பாரிகளும் வாய்வழியே வாழ்ந்தது அத்தகைய நாவிலே. பேர் இல்லாத கிழவி பேருள்ளவளின் குழந்தையைத் தாங்கியதனாலேயே பேருள்ளவள் மலையேற முடிந்தது. தோட்டத்தின் பொருளாதாரம் முழுவதும் கணக்கிற் சேராத அக்கைகளிலே ஒரு பகுதி தங்கி நின்றிருக்கின்றது. திறனாய்வாளர் நாட்டார் பாடல்களைப் பற்றிப் பேசும்போது கங்காணியின் கொடுமை, கூலியின் குறைவு, அட்டைக்கடி ஆகியவற்றுக்குச் சான்றாகவே அவற்றை எடுத்தாள்கின்றனர். பாடியவளின் வயதை எவருங் கேட்பதில்லை.

சங்கச் சான்றோருள் ஒருவர், கைத்தடி ஊன்றி இருமலோடு நின்ற தம் முதுமையைப் பாடியதனாலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பேர் பெற்றார். புறநானூற்றைத் தொகுத்தவர்கள் அவருடைய இயற்பெயரை அறியாதபோதும் அத்தடியையே பெயராக்கி அவரை நிறுத்தினர். முதுமையைப் பாடுபொருளாக ஏற்றுக்கொள்ளும் மரபு தமிழுக்குப் புதிதன்று என்பதற்கு அவர் ஒருவரே போதும். மலையக இலக்கியத்தில் முதியோர் முற்றும் இல்லை என்பதும் இங்குக் கருத்தன்று. பழங்கதை சொல்பவராகவும், பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுபவராகவும், கண்ணீருக்குக் காரணமாகவும் அவர்கள் வந்துபோகின்றனர். தம் உடலோடும் தம் நோயோடும் தம் விருப்பு வெறுப்போடும் கதையின் நடுவே அமர்வோர் மிகச் சிலர். 2003ஆம் ஆண்டின் சட்டத்தினால் எஞ்சியிருந்தோர்க்கும் பிரசாவுரிமை கிடைத்தபின், உழைப்பைச் சான்றாகக் காட்டி உரிமை கேட்கவேண்டிய பழைய நெருக்கடி எழுத்தாளனுக்கு இல்லை. அந்நெருக்கடிக்கென வகுத்த பாத்திரப் பட்டியல் மட்டும் மாறாதிருக்கின்றது.

டிக்கோயாவிலே இந்திய உதவியோடு கட்டப்பட்ட நூற்றைம்பது படுக்கை கொண்ட ஆதார வைத்தியசாலையை 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். மருத்துவரும் மருந்தும் கூடிய அக்கட்டடம் மலையகத்துக்குப் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. மேற்பிரிவு லயமொன்றிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை தேயிலைக்கும் கானுக்கும் இடையே செல்வது, மழைநாளிலே வழுக்குவது, சில இடங்களிற் கல்லே படி. கிளினிக் நாளிலே மகள் மலையில் நிற்பாள். அவள் இறங்கினால் அன்றைய பேர் போய்விடும். மகன் கொழும்பிலே ஒரு கடையில். பேரன் பாடசாலையிலிருந்து வர இரண்டு மணியாகும். கிழவி புத்தகத்தையும் மருந்துச் சீட்டையும் பிளாத்திக்குப் பையிலே சுற்றி இடுப்பிற் செருகிக்கொண்டு, கொழுந்துக்காம்பை ஊன்றுகோலாக்கி, தானாகவே இறங்கத் தொடங்குகின்றாள்.